ஒரே ஊறல், பல வடிகலன்கள்: டயமண்ட் ஆலையும் முதிர்ந்த ரம்மின் சுவையும்

ரம் பாட்டிலைக் கையில் எடுத்தால் கண் முதலில் தேடுவது வயதைத்தான். 12 ஆண்டா, 15 ஆண்டா, 21 ஆண்டா? எண் ஏற ஏற விலையும் ஏறுவதால், சுவை முழுவதும் பீப்பாயிலிருந்துதான் வருகிறது என்று நம்பிவிடுகிறோம். பீப்பாய் செய்வது பெரிய வேலைதான். ஆனால் தன்னிடம் வந்து சேர்ந்ததை வைத்துத்தான் அது வேலை செய்ய முடியும். என்ன வந்து சேர வேண்டும் என்பதை வடிகலன் அதற்கு முன்பே முடிவு செய்துவிடுகிறது.

இதைச் சோதித்துப் பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஜமைக்கா ரம்மையும் கியூபா ரம்மையும் பக்கத்தில் வைத்துச் சுவைத்தால், வடிகலன் மட்டுமா வேறு? ஈஸ்ட் வேறு, நொதிக்கவிடும் நாள்கள் வேறு, பீப்பாய் வேறு. எந்த வித்தியாசம் எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. மற்றதெல்லாம் ஏறக்குறைய ஒன்றாக இருந்து, வடிகலன் மட்டும் மாறுகிற இடம் வேண்டும். தென் அமெரிக்காவின் வட விளிம்பில், கயானாவில், டெமராரா ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்கும் டயமண்ட் ஆலை அதற்கு மிக அருகில் வருகிறது. எல் டொராடோ ரம் அங்கேதான் உருவாகிறது.

ஆலைகள் மூடின, கலன்கள் நகர்ந்தன

ஒரு காலத்தில் கயானாவின் கடலோரக் கரும்புத் தோட்டங்கள் பெரும்பாலும் தத்தமக்கென்று ஒரு வடிப்பாலை வைத்திருந்தன. பீப்பாய்மேல் தோட்டத்தின் அடையாள எழுத்துகளைப் பொறித்து லண்டனுக்கு அனுப்புவார்கள். அங்கிருந்த கலவைக்காரர்களுக்கு அந்த எழுத்துகளே சுவைக்கான முகவரி. 'பி.எம்.' என்றால் போர்ட் மோரன்ட், கனத்த சரக்கு. 'ஈ.எச்.பி.' என்றால் என்மோர். தோட்ட உரிமையாளர் எட்வர்ட் ஹென்றி போர்ட்டரின் பெயர்ச் சுருக்கம் அது. பிரிட்டிஷ் கடற்படை 1970 ஜூலை 31 வரை மாலுமிகளுக்குத் தினமும் அளந்து கொடுத்த ரம்மின் கலவையில் போர்ட் மோரன்டுக்கு முக்கிய இடம் இருந்தது. (கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்குப் போர்ட் மோரன்ட் வேறு காரணத்துக்காகத் தெரிந்திருக்கும். ரோஹன் கன்ஹாய், பேசில் புட்சர், ஜோ சாலமன் மூவரும் அந்த ஊர்க்காரர்கள்.)

தோட்டங்கள் ஒன்றோடொன்று இணைந்தன, ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின, 1970களில் சர்க்கரைத் தொழில் அரசுடைமையானது. 1983-ல் இரண்டு நிறுவனங்கள் சேர்ந்து டெமராரா டிஸ்டில்லர்ஸ் உருவானது. கடைசியாக ஐட்ஃப்ளக்ட் ஆலையும் மூடியபின், 2000 வாக்கில் எல்லாம் டயமண்டுக்கு வந்து சேர்ந்தன.

இந்த வழக்கில் முதல் சாட்சியம் இங்கேயே இருக்கிறது. ஆலையை மூடியவர்கள் பழைய கலன்களைப் பழைய இரும்புக்குப் போடவில்லை. பிரித்து, வண்டியேற்றி, புதிய இடத்தில் மறுபடி பூட்டினார்கள். சிக்கனம் மட்டும்தான் கணக்கு என்றால், தட்டுத்தட்டாக இடைவிடாமல் வடிக்கும் ஒரு நவீன எஃகுக் கோபுரத்தை நிறுத்திவிட்டு மற்றதையெல்லாம் விறகாக்கியிருக்கலாம். அப்படிச் செய்தால் 'பி.எம்.' என்ற சுவை போய்விடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இரண்டாவது சாட்சியம் இன்னும் வலுவானது. போர்ட் மோரன்ட் கலன் தன் சொந்தத் தோட்டத்தைவிட்டு நகர்ந்து பல ஆண்டுகள் ஐட்ஃப்ளக்டில் ஓடியது, அப்புறம் டயமண்டுக்கு வந்தது. தோட்டம் மாறியது, தண்ணீர் மாறியது, ஊறல் போடும் தொட்டி மாறியது, வேலைக்காரர்கள் மாறினார்கள். இருந்தும் அதிலிருந்து இறங்குகிற ரம் இன்றும் 'பி.எம்.' என்றே அடையாளம் காணப்படுகிறது. சுவை மண்ணோடு ஒட்டியிருந்தால் இது நடந்திருக்காது.

கலன் எதைத் தடுக்கிறது

சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கரும்புப் பாகான மொலாசஸ் நொதித்துக் கிடைக்கும் ஊறலில் ஆல்கஹால் பொதுவாகப் பத்து சதவீதத்துக்கும் கீழேதான். மீதி பெரும்பாலும் தண்ணீர். அவற்றோடு நூற்றுக்கணக்கான சேர்மங்கள் சிறிய அளவில் கலந்திருக்கும்: பழவாசனை தரும் எஸ்டர்கள், ஃபியூசல் எண்ணெய் எனப்படும் கனமான ஆல்கஹால்கள், அமிலங்கள், ஆல்டிஹைடுகள், கந்தகச் சேர்மங்கள். ரம்மை ரம்மாக்குவது இந்தச் சிறுபான்மைதான். வடித்தல் புதிதாகச் சேர்ப்பது கொஞ்சமே. அதன் முக்கிய வேலை, இவற்றில் எதை மேலே விடுவது, எதைக் கீழேயே தங்கவைப்பது என்று பிரிப்பது.

எத்தனால் 78 டிகிரியில் கொதிக்கிறது, எத்தில் அசிட்டேட் 77-ல், ஐசோஅமைல் ஆல்கஹால் 131-ல். இந்த எண்களை மட்டும் பார்த்தால் கடைசியாகச் சொன்னது வடிநீருக்குள் வரவே வராது என்று தோன்றும். வரும். தண்ணீர் மிகுந்த ஊறலுக்குள் அதற்கு இருப்புக்கொள்வதில்லை; எத்தனாலைவிட வேகமாக ஆவியோடு கிளம்பிவிடும். மேலே போகப்போக ஆல்கஹால் செறிவு ஏறும்போது நிலைமை தலைகீழாகி, அது எத்தனாலைவிட மந்தமாகிவிடும். கோபுரத்தின் நடுப்பகுதியில், மேலேயும் போக முடியாமல் கீழேயும் இறங்க முடியாமல் தேங்கி நிற்கும். அந்தத் தட்டில் ஒரு குழாய் வைத்து அதை உறிஞ்சி வெளியே எடுத்துவிட்டால் மெல்லிய ரம் கிடைக்கும். கொஞ்சம் விட்டுவைத்தால் உடம்புள்ள ரம் கிடைக்கும். திறந்தோமா மூடினோமா என்கிற அந்த ஒரு வால்வின் முடிவு, 15 வருடம் கழித்து ஒருவர் நாக்கில் தெரியும்.

மரத்தில் கட்டிய பாட்

டயமண்டில் இருக்கும் கலன்களில் எல்லோரும் பார்க்க விரும்புவது மரக்கலன்களைத்தான். போர்ட் மோரன்டிலிருந்து வந்தது இரட்டை மரப் பாட் (பாட் என்பது ஒவ்வொரு தடவையும் ஊறலை நிரப்பிக் கொதிக்கவைக்கும் பானைபோன்ற கலன்); வெர்சாய் தோட்டத்திலிருந்து வந்தது ஒற்றை மரப் பாட். இரண்டும் கயானாக் காட்டு மரமான கிரீன்ஹார்ட்டில் கட்டியவை. தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்கு அடர்த்தியான மரம் அது. எளிதில் உளுத்துப்போகாது, கடல் புழுவும் அரிக்காது. கப்பல்துறைக் கதவுகளுக்கு அதைத்தான் தேடி வாங்கினார்கள். வெளியிலிருந்து பார்த்தால், இரும்புப் பட்டை போட்ட பெரிய மரத்தொட்டி. அதன் தலையில் செம்புக் கழுத்து.

போர்ட் மோரன்ட் கலனுக்கு 1732 என்ற ஆண்டைச் சொல்வார்கள். அது தோட்டத்தின் ஆண்டு. பலகை தேயத்தேய மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார்கள், மாற்றாமல் மரக்கலன் ஓடாது. முன்னூறு வருட ரம்மைக் குடித்த மரம் அந்த வாசனையை இன்னும் விடுகிறது என்ற பேச்சு கேட்க அழகாக இருக்கிறது, விளம்பரத்துக்கும் பொருத்தம். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. பலகை மாறியும் சுவை மாறவில்லை என்றால், காரணத்தை மரத்தின் நினைவில் தேடுவதைவிடக் கலன் வேலை செய்கிற விதத்தில் தேடுவது நல்லது.

அந்த விதத்தைப் பார்ப்போம். மரத்தொட்டியின் அடியில் நெருப்பு வைக்க முடியாது, நீராவியை உள்ளே செலுத்தித்தான் கொதிக்க வைக்க வேண்டும். செம்புக் கலனின் சுவர் வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டே இருப்பதால், மேலே ஏறும் ஆவியில் ஒரு பகுதி சுவரில் பட்டுக் குளிர்ந்து மறுபடி கீழே விழும். விழுவது பெரும்பாலும் கனமான பகுதி. மரம் வெப்பத்தை விடாது. ஆவி குளிராமல் கனத்தோடு அப்படியே கழுத்துக்குள் போய்விடும். இன்னொன்று, செம்பு கந்தகச் சேர்மங்களைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மரக்கலனில் செம்பு இருப்பது கழுத்திலும் அதற்கப்பாலும்தான்; கொதிக்கும் ஊறலைச் செம்பு தொடுவதே இல்லை. மேலும், பாட் கலனில் ஊறல் ஈஸ்ட் மண்டியோடு நீண்ட நேரம் கொதிக்கிறது. கோபுரத்தில் அதே ஊறல் தட்டுத்தட்டாக இறங்கிச் சட்டென்று வெளியேறிவிடும். நீண்ட கொதிப்பில் ஃபர்ஃபுரல் போன்ற புதிய சேர்மங்களும் கொஞ்சம் உருவாகும். அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து எஸ்டராகவும் அவகாசம் உண்டு.

வெர்சாய் பாட் ஒற்றைக் கலன். அதில் வருவதை ரம் ரசிகர்கள் மண்வாசனை, புகையிலை, ஏன் இறைச்சிச் சாறு என்றுகூட வர்ணிப்பார்கள். புதிதாக வடித்தபோது பலருக்கு மூக்கைச் சுளிக்கத்தான் தோன்றும். போர்ட் மோரன்டில் முதல் கலத்தின் ஆவி இரண்டாம் கலத்துக்குள் போய் அங்கே இன்னொரு முறை வடிபடுகிறது. ஒரே ஓட்டத்தில் இரண்டு வடிப்பு. அதனால் கனம் குறையாமல் ஒரு ஒழுங்கு வந்துவிடுகிறது: சோம்பு, அதிமதுரம், நன்றாகக் கனிந்த கரும்பழங்கள், எண்ணெய்ப்பசை. அதிமதுர வாசனைதான் அதன் கையெழுத்து, ஐந்து கலவைகளுக்குள் ஒளித்துவைத்தாலும் பழகிய மூக்கு கண்டுபிடித்துவிடும்.

கோபுரம் என்றால் மெலிவா?

பாட் என்றால் கனம், கோபுரம் என்றால் மெலிவு என்று ஒரு வாய்ப்பாடு புழக்கத்தில் இருக்கிறது. டயமண்ட் அதை உடைத்துவிடுகிறது.

ஈனியஸ் காஃபி 1830-ல் காப்புரிமை பெற்ற தொடர் வடிகலனை, என்மோரில் 1880-ல் மரத்தில் கட்டினார்கள். இரண்டு மரக் கோபுரங்கள், உள்ளே துளையிட்ட செம்புத் தட்டுகள். ஒன்றில் ஊறல் மேலிருந்து இறங்க, கீழிருந்து ஏறும் நீராவி ஆல்கஹாலைப் பிடுங்கிக்கொண்டு போகும். அடுத்ததில் அந்த ஆவி தட்டுக்குத் தட்டு தெளிந்துகொண்டே ஏறும். மரக் காஃபி கலன் உலகில் இப்போது ஓடுவது இது ஒன்றுதான். வடிவத்தில் கோபுரம்தான், ஆனால் இதன் ரம்மை யாரும் மெலிந்தது என்று சொல்ல மாட்டார்கள். சீவிய பென்சில், புது மரத்தூள், காய்ந்த பழம் என்று நடுத்தரக் கனத்தில் தனிக் குணத்தோடு நிற்கிறது. நவீனக் கோபுரங்களைப்போல் இது ஆல்கஹாலைச் சுத்தமாக வழித்தெடுப்பதில்லை என்பதே காரணம்.

ஐட்ஃப்ளக்டிலிருந்து வந்த, 'சவால்' (Savalle) என்ற பெயருடைய பிரெஞ்சுக் கலன் நான்கு உலோகக் கோபுரங்கள் கொண்டது. அதை ஓட்டும் முறையை மாற்றியே ஒன்பது விதமான ரம் எடுக்கலாம் என்று ஆலை சொல்கிறது. மெல்லிய பூவாசனையில் தொடங்கி, தேனும் கரும்பும் கலந்த நடுத்தரம் வரை ஒரே கலன் தருகிறது. ஆக, கலனின் உருவத்தைவிட அதை எந்தச் செறிவில், எந்தத் தட்டில் நிறுத்துகிறார்கள் என்பது முக்கியம். எத்தனாலும் நீரும் ஆவியாகையில் பிரிக்கவே முடியாத எல்லை 97 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. அந்த எல்லையை நெருங்க நெருங்க மணச்சேர்மங்கள் கழன்றுகொண்டே போகும். மார்ட்டினிக்கில் கரும்புச்சாற்று ரம்முக்கு 1996-ல் வந்த பிறப்பிட விதி, கோபுரத்திலிருந்து 65 முதல் 75 சதவீதத்துக்குள் இறக்க வேண்டும் என்று கட்டிப்போட்டிருப்பது இதனால்தான். அங்கேயும் கோபுரம்தான், கரும்பின் பச்சை வாசனை கிளாஸைத் தாண்டி வரும்.

டயமண்டின் சொந்த உலோகக் காஃபி கலன்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சுத்தமான, இலகுவான ரம். கலவைக்கு இடம் கொடுக்கும் சரக்கு.

பீப்பாய்க்குள் 15 ஆண்டுகள்

இனி முதிர்ச்சி. பெரும்பாலும் அமெரிக்க போர்பன் விஸ்கி ஊறிக் காலியான ஓக் பீப்பாய்கள். ஓக்கின் லிக்னின் சிதைந்து வனிலின் வரும், லாக்டோன்கள் தேங்காய் வாசனை தரும், டானின் துவர்ப்பு தரும். உட்புறம் கருக்கிய கரிப்படலம் கந்தகத்தை உறிஞ்சிக்கொள்ளும். பலகையின் வழியே நுழையும் காற்று ஆல்டிஹைடை அமிலமாக்கும், அமிலம் ஆல்கஹாலோடு சேர்ந்து எஸ்டராகும். எல்லாப் பீப்பாயிலும் நடப்பது இதுதான். ஆனால் ஒவ்வொரு கலனின் ரம்மும் இதற்குக் கொடுக்கும் பதில் வேறு.

வெப்ப மண்டலத்தில் ஆவியாகிப் போகும் பங்கு ஆண்டுக்கு 6 சதவீதத்துக்கும் மேல். பிரிட்டனில் அது 2 சதவீதம் அளவுதான். ஆண்டுக்கு 6 என்றே வைத்துக்கொண்டாலும், 15 ஆண்டில் பீப்பாயில் மிஞ்சுவது ஏறக்குறைய 40 சதவீதம். போவது எளிதில் ஆவியாகிற தண்ணீரும் எத்தனாலும். எளிதில் போகாத கனமான எஸ்டர்களும் ஓக்கிலிருந்து வந்த டானினும் உள்ளேயே இருந்து செறிவாகும். கனத்த போர்ட் மோரன்ட் ரம்மில் இந்த இரண்டு பக்கமும் சேர்ந்தே ஏறும். துவர்ப்பு ஏறினாலும் அதைத் தாங்கும் எண்ணெய்ப்பசையும் பழமும் எதிரே இருக்கும். இலகுவான கோபுர ரம்மில் செறிவாக எதுவும் இல்லை. ஓக் மட்டும் ஏறும். அதிக நாள் விட்டால் கடுந்தேநீர்போலக் கசந்துவிடும். 'அதிக வயது, அதிக சுவை' என்ற கணக்கு தவறுகிற இடம் இது. இலகுவான ரம்முக்கு நல்ல வயது என்று ஒன்று உண்டு, அது பெரும்பாலும் நாம் நினைப்பதைவிடக் குறைவு.

வெர்சாய் இன்னொரு திசையில் போகிறது. புதிதாக இருந்தபோது முகம் சுளிக்க வைத்த கந்தக நெடியைக் கரிப்படலமும் காற்றும் மெல்லத் தின்றுவிட, அடியில் இருந்த புகையிலை வாசனையும் பதனிட்ட தோலின் வாசனையும் மேலே வரும். அந்த ரம்முக்குப் பீப்பாய் சேர்த்ததைவிடக் கழித்ததுதான் பெரிய உதவி. செம்பு ஒரு மணி நேரத்தில் செய்திருக்கக்கூடிய வேலையைப் பீப்பாய் பத்து வருடமாகச் செய்கிறது என்றும் பார்க்கலாம். ஆனால் செம்பு அன்றே எல்லாவற்றையும் வழித்திருந்தால், பிறகு வெளிப்பட அடியில் இவ்வளவு மிஞ்சியிருக்காது.

2016 பாட்டில்கள்: நல்ல சாட்சி, முழுச் சாட்சி அல்ல

2016-ல் இந்த ஆலை மூன்று மரக்கலன்களின் ரம்மையும் கலக்காமல் தனித்தனியாக வெளியிட்டது: என்மோர் 1993, போர்ட் மோரன்ட் 1999, வெர்சாய் 2002. பக்கத்தில் பக்கத்தில் வைத்து முகர்ந்தவர்களுக்கு மூன்றும் ஒரே நிறுவனத்தின் ரம் என்று நம்பவே கடினம். வடிகலனின் வலிமைக்கு இதைவிட நேரான காட்சி கிடையாது.

ஆனால் ஆண்டுகளைக் கவனியுங்கள். மூத்ததற்கும் இளையதற்கும் ஒன்பது அறுவடை இடைவெளி. என்மோரின் மரத்தூள் வாசனையில் கலனின் பங்கு எவ்வளவு, கூடுதல் ஓக்கின் பங்கு எவ்வளவு என்று இந்த மூன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. 1993-லும் 1999-லும் கலன்கள் இன்னும் டயமண்டுக்கு வந்து சேரவில்லை என்பதும் உண்டு. கலன்கள் அங்கும் இங்கும் நகர்ந்ததால் லேபிளும் குழப்பும். வெர்சாய் பாட் சில காலம் என்மோர் ஆலையில் ஓடியது, அப்போது வடித்ததில் சில 'என்மோர்' என்ற பெயரில் சந்தைக்கு வந்தன. கோபுர ரம் என்று நினைத்து வாங்கியவர் பாட் ரம்மைக் குடித்திருப்பார். டெமராரா பாட்டிலில் தோட்டத்தின் பெயரைவிட அந்த இரண்டு மூன்று குறி எழுத்துகளை முதலில் படிப்பது நல்லது.

வழக்கமான 12, 15 ஆண்டுக் கலவைகளை வைத்து இந்த ஆராய்ச்சியைச் செய்யவே கூடாது. அவற்றில் பல கலன்களின் ரம் கலந்திருக்கிறது. கேரமல் நிறம் உண்டு. நீண்ட காலம் இனிப்பும் சேர்க்கப்பட்டிருந்ததைத் திரவத்தின் அடர்த்தியை அளக்கும் தனியார் ஹைட்ரோமீட்டர் சோதனைகள் காட்டின. இனிப்பு கனமான உணர்வைப் போலியாகத் தந்துவிடும். குடிக்க நன்றாக இருக்கலாம், சாட்சிக் கூண்டில் நிற்காது.

இன்னொரு எல்லையும் உண்டு. டயமண்டில் கலன் இவ்வளவு உரக்கப் பேசக் காரணம், ஊறல் அடக்கமாக இருப்பது. ஜமைக்காவுக்குப் போனால் கதை மாறும். ஹாம்ப்டன் ஆலையில் ஊறலை வாரக்கணக்கில் புளிக்கவிட்டு, பழைய வடிப்பின் மிச்சத்தையும் சேர்த்து, பாக்டீரியாவுக்கு முழுச் சுதந்திரம் கொடுக்கிறார்கள். அங்கே ரம்மைத் தரம்பிரிப்பதே எஸ்டர் அளவை வைத்துத்தான். நூறு லிட்டர் தூய ஆல்கஹாலுக்கு 1,600 கிராம் வரை போகும். அந்த எஸ்டரின் வேர் நொதித்தலில் இருக்கிறது. ஆனால் அங்கேயும் இரட்டை ரிடார்ட் (ஆவியை மறுபடி வடிக்கும் இடைக்கலன்) வைத்த பாட் கலனைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதே ஊறலை உயரமான நவீனக் கோபுரத்தில் ஏற்றி உச்சியில் இறக்கினால் அத்தனை வார உழைப்பும் கழிவுநீரோடு போய்விடும்.

கலப்பது எப்போது?

கலன்களை எப்போது ஒன்று சேர்ப்பது என்பது டயமண்டிலும் வெளியிலும் இப்போது சூடான விஷயம். பழைய வழி, ஒவ்வொரு கலனின் ரம்மையும் தனித்தனியாக முதிரவைத்து, கடைசியில் கலவைக்காரர் கையில் விடுவது. பார்படோஸின் ஃபோர்ஸ்கொயரில் ரிச்சர்ட் சீல் பாட் ரம்மையும் கோபுர ரம்மையும் முதலிலேயே கலந்து ஒரே பீப்பாயில் முதிரவைக்கும் வழியைப் பிரபலமாக்கினார். டெமராராவிலும் போர்ட் மோரன்டையும் டயமண்டையும் பீப்பாய்க்குப் போகும் முன்பே சேர்த்து முதிரவைத்த 2010-ல் வடித்த ரம் வெளிவந்தது. முதலிலேயே கலந்தால், இலகுவான ரம் ஓக்கின் முன் தனியாக நிற்க வேண்டியதில்லை; பாட் ரம்மின் அமிலமும் எஸ்டரும் தொடக்கம் முதலே மொத்தத் திரவத்தோடும் வினைபுரியும். தனித்தனியாக முதிர்ந்ததைக் கடைசியில் கலந்தால் கலவைக்காரருக்கு விகிதத்தை மாற்ற வசதி அதிகம், ஆனால் மெல்லிய ரம்மில் ஏறிவிட்ட கசப்பைத் திருப்பி எடுக்க முடியாது. இரண்டில் எனக்குப் பிடித்தது முதலிலேயே கலக்கும் வழி. அதில் கலவைக்காரர் தன் விகிதத்தைப் பத்துப் பன்னிரண்டு வருடம் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும் என்பதால் பெரிய ஆலைகள் தயங்குவதும் புரிகிறது.